கண்ணாடி மீன்தொட்டியைப் பெட்டியிலிருந்து பிரித்து அமைத்தல்

கறவை மாடு, கோழி, தேனீ ஆகியவற்றைப் போலவே வண்ணமீன் வளர்ப்பும் உழவர்களுக்கு ஏற்றதோர் உபதொழிலாகும். சென்னை கொளத்தூர்ப் பகுதியில் பல குடும்பங்கள் வீட்டுக் கொல்லைப்புறத்திலேயே இத்தொழிலைச் செய்து வருகின்றன. கப்பி, மோலி, பிளாட்டி, வாள்வால் போன்ற குட்டி போடும் மீன்களைச் சிமெண்டுத் தொட்டிகளிலேயே வளர்க்கலாம். ஆயினும் தாய் மீன்களைத் தனியே வைத்துக் கவனிக்கவும், நோயுற்ற மீனைப் பிரித்து வைக்கவும், வாங்க வருபவருக்கு மீனின் நிறத்தைக் காட்டவும் பெரிய கண்ணாடித் தொட்டி ஒன்றாவது தேவைப்படும்.

சிறிய தொட்டியைக் கையில் எடுத்து வந்துவிடலாம். நான்கு அடி நீளமுள்ள தொட்டி, ஆணி அடித்து இரும்புப் பட்டை கட்டிய உறுதியான மரப்பெட்டியில்தான் லாரியில் வந்து சேரும். நெடுந்தொலைவு பத்திரமாக வந்த தொட்டி, வீட்டு வாசலில் இருந்து கூடத்திற்குப் போகும் பத்தடி தூரத்தில் உடைந்துவிட்டால் போட்ட பணம் அத்தனையும் வீணாகும். கை, கால்களில் காயமும் ஏற்படலாம். பெட்டி வருவதற்கு முன்பிருந்து மீன் விடும் நாள் வரை செய்ய வேண்டியவற்றை இங்கே வரிசையாகக் காண்போம்.

மீனைத் தொட்டியோடு சேர்த்து வாங்காதீர்கள்

இதுவே முதல் விதி. பாலிதீன் பையில் மீன் காத்துக்கொண்டிருந்தால், நீங்கள் அவசரப்பட்டே தீர வேண்டும். பெட்டியை அன்றே உடைப்பீர்கள், அன்றே நீர் நிரப்புவீர்கள், அன்றே மீனை விடுவீர்கள். இவை மூன்றும் ஒரே நாளில் செய்யத்தக்கவை அல்ல. தொட்டி வந்த நாளுக்கும் மீன் வரும் நாளுக்கும் இடையே குறைந்தது ஒரு மாத இடைவெளி இருக்கட்டும்.

எடையைக் கணக்கிடுங்கள்

நான்கு அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் உள்ள தொட்டியை எடுத்துக்கொள்வோம். இதன் கொள்ளளவு 9 கன அடி. ஒரு கன அடிக்குச் சுமார் 28 லிட்டர் வீதம் ஏறத்தாழ 255 லிட்டர் ஆகிறது. மேலே இரண்டு அங்குலம் விட்டு நிரப்பினால் சுமார் 226 லிட்டர் பிடிக்கும். ஒரு லிட்டர் நீரின் எடை ஒரு கிலோ. கண்ணாடியின் கனம் 10 மில்லி மீட்டர் என்றால் வெறும் தொட்டியே 50 கிலோவுக்கு மேல் இருக்கும். அடியில் பரப்பும் மணலையும் சேர்த்தால் மொத்த எடை 300 கிலோவைத் தாண்டும். அதாவது 75 கிலோ நெல் மூட்டைகள் நான்கை ஒரே இடத்தில் அடுக்கியதற்குச் சமம்.

எடை கீழ்நோக்கி மட்டும் அழுத்துவதில்லை. நீர் பக்கவாட்டிலும் தள்ளும். மேற்சொன்ன தொட்டியில் 16 அங்குல உயரத்திற்கு நீர் நின்றால், நீளவாட்டுக் கண்ணாடி ஒவ்வொன்றையும் சுமார் 100 கிலோ எடைக்குச் சமமான விசை வெளிநோக்கித் தள்ளும். இவ்விசை அடிப்பகுதியில்தான் மிகுதி. ஏரிக்கரையை மேலே குறுகலாகவும் அடியில் அகலமாகவும் நம் முன்னோர் போட்டது இதனால்தான். கண்ணாடித் தொட்டிக்கு அடியில் அகலமான கரை கிடையாது. ஒட்டியிருக்கும் சிலிக்கான் பசையே கரையாக நின்று தாங்குகிறது. ஆகவே, அந்தப் பசைக்கும் கண்ணாடி விளிம்பிற்கும் சிறு ஊறுகூட நேராதபடி பெட்டியைப் பிரிக்க வேண்டும்.

இடத்தை முன்கூட்டியே தயார் செய்தல்

பெட்டி வந்த பிறகு இடம் தேடக் கூடாது. நேர் வெயில் படும் இடத்தில் பாசி மிகுதியாக வளரும், நீரும் சூடேறும். எனவே நிழலான, சிமெண்டுத் தளமிட்ட இடத்தைத் தேர்ந்தெடுங்கள். மண்தரையில் தாங்கியின் கால்கள் ஒரு பக்கமாகப் புதைந்து தொட்டி சாயும்.

இரும்புத் தாங்கிக்கு வசதி இல்லாதவர்கள் செங்கல் சுவர் எழுப்பிக் கடப்பைக் கல் பதிக்கலாம். நான்கு அடிக் கல்லுக்கு இரு ஓரங்களில் மட்டும் சுவர் வைத்தால் நடுவில் கல் முறியக்கூடும். நடுவில் மூன்றாவதாக ஒரு சுவர் கட்டாயம் வேண்டும்.

கொத்தனாரின் ரசமட்டத்தை நீளவாட்டிலும் குறுக்குவாட்டிலும் வைத்துப் பாருங்கள். ரசமட்டம் இல்லையெனில் நீர் நிரப்பிய கண்ணாடிக் குழாயால் மட்டம் பார்க்கலாம். மட்டம் தவறினால் தாங்கியின் கால்களுக்கு அடியில் தகடு வைத்துச் சரி செய்யுங்கள். தொட்டிக்கும் கல்லுக்கும் இடையே ஆப்பு வைப்பது பெருந்தவறு. ஆப்பு இருக்கும் ஓரிடத்தில் எடை முழுவதும் இறங்கி அடிக்கண்ணாடி வெடித்துவிடும்.

பெட்டியைப் பெற்றுக்கொள்ளும்போது

கையெழுத்திடுவதற்கு முன் பெட்டியைச் சுற்றி வந்து பாருங்கள். மேல்நோக்கிய அம்புக்குறி எந்தப் பக்கம் இருக்கிறது? கோப்பைப் படம் போட்டிருந்தால் உள்ளே உடையும் பொருள் இருக்கிறது என்று பொருள். அம்பு தலைகீழாகவோ பக்கவாட்டாகவோ இருந்தாலும், பலகை முறிந்திருந்தாலும், நகர்த்தும்போது உள்ளே கண்ணாடி கலகலத்தாலும் சரக்குச் சீட்டிலேயே அதை எழுதிவிட்டு அதன்கீழ் கையெழுத்திடுங்கள். செல்போனில் நான்கு பக்கமும் படம் எடுத்து வையுங்கள். "அப்புறம் சொல்லிக்கொள்ளலாம்" என்று விட்டுவிட்டால், பிறகு உடைப்பு லாரியில் நேர்ந்ததா, உங்கள் வீட்டில் நேர்ந்ததா என்று நிரூபிப்பது கடினம். லாரி நிறுவனத்தின்மீது வழக்குத் தொடுக்க வேண்டிய நிலை வந்தால், 2007ஆம் ஆண்டின் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டப்படி, சரக்கைப் பதிவு செய்த நாளிலிருந்து 180 நாட்களுக்குள் எழுத்து மூலம் அறிவிப்புக் கொடுத்திருக்க வேண்டும்.

லாரியில் இருந்து பெட்டியை உருட்டி இறக்கக் கூடாது. நான்கு பேர் பிடித்து, அம்புக்குறி மேல்நோக்கி இருக்கும்படியே இறக்கி, நிழலில் வையுங்கள். நாள் முழுவதும் வெயிலில் வந்த கண்ணாடி நன்றாகச் சூடேறியிருக்கும். அதன்மீது குளிர்ந்த கிணற்று நீரை ஊற்றினால் விரிசல் விடலாம். ஓர் இரவு நிழலில் கிடந்து ஆறட்டும். மறுநாள் காலையில் பெட்டியைப் பிரிக்கலாம்.

பெட்டியைப் பிரித்தல்

தேவையானவை: நகச் சுத்தியல், குறடு, திருப்புளி, தகரம் வெட்டும் கத்தரி, தோல் கையுறை, காலுக்குச் செருப்பு அல்லது பூட்ஸ், ஆணி போட ஒரு தகர டப்பா. கடப்பாரை வேண்டாம். கடப்பாரையை நெம்பும்போது அதன் முனை பலகைக்குப் பின்னால் எவ்வளவு தூரம் போகிறது என்று கண்ணுக்குத் தெரியாது.

முதலில் இரும்புப் பட்டையை வெட்ட வேண்டும். இறுகக் கட்டிய பட்டை வெட்டியதும் சாட்டை போல் துள்ளும். முகத்தை விலக்கி, பட்டைக்கு நேராக நிற்காமல் பக்கத்தில் நின்று வெட்டுங்கள். குழந்தைகள் அருகில் நிற்கக் கூடாது.

அடுத்து மேல்மூடிப் பலகைகளை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். திருகாணியாக இருந்தால் திருப்புளியால் கழற்றுவதே நல்லது. சுத்தியல் அதிர்ச்சி கண்ணாடிக்கு ஆகாது. ஆணியாக இருந்தால் நகச் சுத்தியலின் தலைக்கும் பலகைக்கும் இடையே சிறு மரக்கட்டை ஒன்றை வைத்து, நெம்புகோலின் அழுத்தம் சட்டத்தின்மேல் விழுமாறு பிடுங்க வேண்டும். பிடுங்கிய ஒவ்வோர் ஆணியையும் உடனே டப்பாவில் போடுங்கள். கழற்றிய பலகையை ஆணி முனை மேல்நோக்கி இருக்கும்படி தரையில் போடாதீர்கள்.

மேல்மூடி போனதும் தொட்டியை மேலே தூக்கி எடுக்க ஆசை தோன்றும். அது தவறு. தொட்டியின் மேல்விளிம்பில் குறுக்காக ஒட்டியிருக்கும் கண்ணாடிப் பட்டைகள், நீரின் அழுத்தத்தால் பக்கக் கண்ணாடி வெளியே வளையாமல் இழுத்துப் பிடிப்பதற்காக வைக்கப்பட்டவை. அவை கைப்பிடி அல்ல. அவற்றைப் பிடித்துத் தூக்கினால் பசை விட்டுவிடும். எனவே பக்கப் பலகைகள் நான்கையும் கழற்றி, பெட்டியின் அடிப்பலகைமீது தொட்டி வெறுமனே நிற்கும்படி செய்யுங்கள்.

மூலைகளில் வைத்திருக்கும் தெர்மோகோல், வைக்கோல், குமிழித் தாள் ஆகியவற்றைக் கையால் நீக்குங்கள். குமிழித் தாளைக் கத்தியால் ஆழமாகக் கீறினால், கத்தி மூலையில் இருக்கும் சிலிக்கான் பசையையும் சேர்த்துக் கீறிவிடும். ஒட்டுநாடாவின் முனையைத் தேடி உரித்தெடுப்பதே சிறந்தது.

தூக்கிச் செல்லுதல்

தொட்டியை இரண்டு பேர் தூக்க முயல வேண்டாம். நான்கு பேர், மூலைக்கு ஒருவராக நின்று, அடிக்கண்ணாடிக்குக் கீழே கை கொடுத்து, ஒருவர் சொல்லும்போது ஒன்றாகத் தூக்க வேண்டும். ஒரு மூலை மட்டும் முன்னதாக உயர்ந்தால் தொட்டி முறுக்கிக்கொள்ளும், பசை பிளக்கும். ஈரக் கையால் கண்ணாடியைத் தொடாதீர்கள். வழியிலுள்ள கட்டில், நாற்காலி ஆகியவற்றை முன்பே நகர்த்தி, கதவின் அகலத்தையும் அளந்து பார்த்துக்கொள்ளுங்கள். தொட்டியைத் தரையில் இறக்கி வைக்க நேர்ந்தால் இரட்டையாக மடித்த சாக்கின்மேல் வையுங்கள். நீரோ மணலோ சிறிதளவு உள்ளே இருந்தாலும் தொட்டியை நகர்த்தக் கூடாது.

தாங்கியின் மேற்பரப்பை ஈரத்துணியால் துடையுங்கள். அடிக்கண்ணாடிக்குக் கீழே அகப்பட்ட ஒரே ஒரு கல்மணி போதும், 300 கிலோ எடையின்கீழ் அது உளியாக மாறிவிடும். அடிக்கண்ணாடி நேராகப் பரப்பின்மேல் படியும் தொட்டியாக இருந்தால் அரை அங்குலத் தெர்மோகோல் அட்டையை முழு அளவிற்கும் விரித்து அதன்மேல் வையுங்கள். சில தொட்டிகளில் அடியைச் சுற்றிச் சட்டம் பொருத்தி, கண்ணாடியைத் தரையில் படாமல் தூக்கி வைத்திருப்பார்கள். அத்தகைய தொட்டிக்குத் தெர்மோகோல் வைக்கக் கூடாது. அட்டை மேலே அழுத்திக் கண்ணாடியை உடைத்துவிடும். எந்த வகை என்று விற்றவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

விரிசலைக் கண்டறிதல்

அறையை இருட்டாக்கி, டார்ச் விளக்கின் ஒளியைக் கண்ணாடியின்மீது சாய்வாகப் பாய்ச்சுங்கள். வெறும் கீறல் மங்கலான கோடாகத் தெரியும். விரிசல் பளிச்சென்று மின்னும். விளிம்புகளையும் மூலைகளையும் முக்கியமாகப் பாருங்கள். மூலையில் சிறிது பெயர்ந்திருந்தாலும் நீரின் அழுத்தத்தால் அது நாளடைவில் நீண்டு செல்லக்கூடும். பசைக்குள் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை காற்றுக்குமிழி தொடர்ந்து தெரிந்தால் அந்த மூட்டு நம்பத்தக்கதன்று.

தொட்டியில் காடி வாசனை வந்தால் பசை இன்னும் முழுமையாகக் காயவில்லை. வாசனை அடங்கும் வரை திறந்து வையுங்கள். பழுது பார்க்க நேர்ந்தால் மீன்தொட்டிக்கென்று விற்கும் சிலிக்கானையே வாங்குங்கள். குளியலறைக்கு விற்கும் சிலவகைச் சிலிக்கானில் பூஞ்சணக் கொல்லி கலந்திருக்கும். அது மீன்களுக்கு நஞ்சு.

நீர்ச் சோதனை

சோப்பு, சோப்புத் தூள் எதுவும் போடாமல் வெறும் நீரால் தொட்டியைக் கழுவுங்கள். இங்கே உழவர்கள் மிகவும் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பூச்சிமருந்து கலக்கிய வாளி, தெளிப்பானின் குழாய், மருந்து பட்ட துணி ஆகிய எதையும் தொட்டியின் அருகே கொண்டுவரக் கூடாது. சைபர்மெத்ரின் போன்ற மருந்துகள் மிகமிகச் சிறிய அளவிலேயே மீன்களைக் கொன்றுவிடும். மீன் வளர்ப்புக்கென்று புது வாளி, புதுக் குழாய் வாங்கி, அவற்றை வேறெதற்கும் பயன்படுத்தாதீர்கள்.

முதலில் மூன்றில் ஒரு பங்கு நீர் ஊற்றி இரண்டு மணி நேரம் பொறுங்கள். தொட்டியைச் சுற்றிலும் காய்ந்த செய்தித்தாளை விரித்து வைத்தால் ஒரு சொட்டுக் கசிந்தாலும் தாளில் தெரியும். கசிவில்லையெனில் மூன்றில் இரண்டு பங்கு, பிறகு முழு அளவு என்று படிப்படியாக நிரப்புங்கள். நீர்மட்டத்தைக் கண்ணாடியில் கோடிட்டு 48 மணி நேரம் விட்டுவையுங்கள்.

வெயில் காலத்தில் நீர் ஆவியாகியும் குறையும். அது ஆவியா, கசிவா என்று அறிய ஒரு வாளியில் நீர் வைத்து அதிலும் கோடிட்டுத் தொட்டியின் அருகே வையுங்கள். இரண்டிலும் ஒரே அளவு குறைந்தால் அது ஆவியாதல். தொட்டியில் மட்டும் கூடுதலாகக் குறைந்தால் கசிவு உள்ளது. கசிவு கண்டால் குழாய் வைத்து நீரை வெளியேற்றிய பின்னரே தொட்டியைத் தொட வேண்டும்.

நீரைப் பழக்குதல்

சோதனை தேறியதும் மணல் பரப்பி, புதுநீர் நிரப்பி, காற்றுக் குழாயை ஓட விடுங்கள். காற்றூட்டும் பம்பை நீர்மட்டத்திற்கு மேலே வையுங்கள். மின்சாரம் நிற்கும்போது நீர் பின்னோக்கி இறங்கிப் பம்புக்குள் புகாது. கிணற்று நீரில் உயிர்வளி குறைவாக இருக்கும். குழாய் நீரில் குளோரின் இருக்கும். இரண்டுமே மீனுக்கு ஆகாதவை.

வயலில் இட்ட யூரியா அம்மோனியாவாகி, பின்னர் மண்ணிலுள்ள நுண்ணுயிர்களால் நைட்ரேட்டாக மாறுவதை நீங்கள் அறிவீர்கள். தொட்டியிலும் இதுவே நிகழ்கிறது. மீனின் கழிவிலிருந்தும் மிஞ்சிய இரையிலிருந்தும் அம்மோனியா உண்டாகிறது. அது நஞ்சு. ஒருவகை நுண்ணுயிர் அதை நைட்ரைட்டாக மாற்றும், அதுவும் நஞ்சே. மற்றொரு வகை அதை நைட்ரேட்டாக மாற்றும். அதனால் தீங்கு குறைவு. புதுத் தொட்டியில் இந்த நுண்ணுயிர்கள் இல்லை. அவை பெருக மூன்று முதல் ஆறு வாரம் ஆகும். புதுத் தொட்டியில் ஒரே நாளில் நிறைய மீன் விட்டவர்கள் ஓரிரு வாரத்தில் மீன்கள் சாவதைக் கண்டு தண்ணீரையும் வியாபாரியையும் பழிக்கிறார்கள். உண்மைக் காரணம் அவசரமே.

நோயில்லாத பழைய தொட்டி ஒன்றிலிருந்து இரண்டு கை மணலோ வடிகட்டிப் பஞ்சோ வாங்கிப் போட்டால் தயிருக்கு உறை ஊற்றியது போல நுண்ணுயிர் விரைவில் பெருகும். தினமும் ஒரு சிட்டிகை மீன் தீனியைப் போட்டு வந்தால் அவற்றுக்கு இரை கிடைக்கும். ஒரு மாதம் கழித்து முதலில் நான்கைந்து மீன்களை மட்டும் விடுங்கள். மீன் வந்த பையை நீரில் மிதக்கவிட்டு 20 நிமிடம் கழித்துத் தொட்டி நீரைச் சிறிது சிறிதாகப் பைக்குள் சேர்த்து, பிறகு மீனை விட வேண்டும். அவை நலமாக இருந்தால் இரண்டு வாரம் கழித்து மேலும் சில மீன்களைச் சேர்க்கலாம்.

பெட்டியை என்ன செய்வது?

பலகைகள் கோழிக் கூண்டுக்கு உதவும். வெளிநாட்டிலிருந்து வந்த பெட்டியாயின் கதிர் போன்ற முத்திரையைப் பாருங்கள். அதில் எச்.டி. என்றிருந்தால் மரத்தின் உட்பகுதி வரை 56 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் 30 நிமிடம் சூடாக்கப்பட்டது என்று பொருள். எம்.பி. என்றிருந்தால் மீத்தைல் புரோமைடு புகை மூட்டப்பட்டது. மரத்துக்குள் இருக்கும் பூச்சி வேறு நாட்டிற்குப் பரவாமலிருக்கவே இந்த ஏற்பாடு. ஆசிய நீள்கொம்பு வண்டு 1996ஆம் ஆண்டு அமெரிக்காவின் நியூயார்க்கில் கண்டறியப்பட்டது. அது மரப்பெட்டிகளின் வழியே வந்ததாகவே கருதப்படுகிறது. எம்.பி. முத்திரையுள்ள பலகையையும் சாயம் பூசிய பலகையையும் அடுப்பெரிக்காதீர்கள். முத்திரையில்லாத பலகையில் துளையும் மரத்தூளும் கண்டால் தோப்பின் அருகே போட்டு வைக்காதீர்கள்.

பெட்டியிலுள்ள வைக்கோலை மாட்டுக்குப் போடுவது மட்டும் கூடவே கூடாது. மாடு தீனியை மென்று பார்த்து விழுங்குவதில்லை. வைக்கோலோடு ஆணி உள்ளே போனால் அது தேன்கூடு போன்ற இரண்டாம் இரைப்பையில் தங்கிவிடும். அந்த அறைக்கு முன்னால் நெஞ்சுத்திரையும் அதையடுத்து இதயமும் உள்ளன. சினை மாட்டின் கர்ப்பப்பை பெருக்கும்போதும் கன்று ஈன முக்கும்போதும் ஆணி குத்திக்கொண்டு முன்னேறி இதயத்தைத் துளைத்துவிடலாம். பெட்டியின் நாலணா வைக்கோலுக்காக நல்ல கறவை மாட்டைப் பறிகொடுக்க வேண்டாம். அதை எரு குழியிலும் போடாமல் தனியே எரித்து, சாம்பலில் ஆணிகளைப் பொறுக்குங்கள். பழைய ஒலிபெருக்கியின் காந்தத்தைக் கயிற்றில் கட்டி வாசல் முழுவதும் இழுத்தால் சிதறிய ஆணிகள் ஒட்டிக்கொள்ளும். தெர்மோகோலையும் பாலிதீனையும் ஆடுமாடு எட்டாத இடத்தில் வையுங்கள்; எரிக்க வேண்டாம்.

பெட்டி ஆறுவதற்கு ஓர் இரவு, நீர்ச் சோதனைக்கு இரண்டு நாள், நீர் பழகுவதற்கு ஒரு மாதம். இந்தக் காத்திருப்பிற்குக் காசு செலவில்லை. விதைத்த மறுநாளே எந்த உழவரும் அரிவாளோடு வயலுக்குப் போவதில்லை. அதே பொறுமையைத் தொட்டியிடமும் காட்டினால் தொட்டியும் நிலைக்கும், அதில் விட்ட மீனும் பிழைக்கும். பதறாத காரியம் சிதறாது.